பரிவட்ட அழைப்பு: ஆலோசகர் தைரியநாதன் அவர்களுக்கு வழியனுப்பு மடல்

ஆவூர் ஈன்ற அறிவுச் சுடரே! ஆலோசனைக் கடலின் ஆழம் அறிந்த அண்ணலே! சொல்லைச் சுருக்கிச் செயலைப் பெருக்கிய செம்மலே! செம்பாறைச் சமஸ்தானத்து வெளிநாட்டு இலாகாவில் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆலோசகராக வீற்றிருந்து, இன்று பணி நிறைவு காணும் திருவாளர் தைரியநாதன் அவர்களே! தலைமை தாங்கும் மகாராஜா அவர்களின் திருமுன், தங்கள் இலாகா ஊழியர்கள் தலை தாழ்த்திச் சொல்லும் வணக்கம்.

ஐயா, சுடரும் கடலும் செம்மலும் புதியவை என்று தாங்கள் எண்ணிவிட வேண்டாம். இந்தச் சமஸ்தானத்துக்கு வந்துபோன துரைமார்களுக்கெல்லாம் வரவேற்பு மடல் எழுதியது நம் இலாகாதான். இமயத்தையும் இந்துமகா சமுத்திரத்தையும் அவர்களுக்கே கொடுத்துத் தீர்த்தாயிற்று. கடைசியில் நம் ஆளுக்கு என்று பார்த்தால் பெட்டியில் இவ்வளவுதான் மிச்சம் இருந்தது. போர் முடிந்தும் களைப்பு முடியாத காலம் இது. எழுதும் கைக்கும் அந்தக் களைப்பு உண்டு.

ஒரு நாள் வண்டி கட்டினால் வடக்கு எல்லையில் புறப்பட்டுத் தெற்கு எல்லையைத் தொட்டு, வழியில் புதுக்கோட்டைச் சந்தையையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம். இத்தனை சிறிய சீமைக்கு வெளிநாட்டு இலாகா எதற்கு என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் நம் ஊர்களுக்குள் வந்து பார்த்ததில்லை. மழையை நம்பிய மேட்டுப் பூமி இது. மழை பொய்த்த ஆண்டெல்லாம் ஆண்கள் கப்பலேறினார்கள். ரங்கூன் அரிசி ஆலையிலும், மௌல்மேன் கடைகளிலும், மலேயாத் தோட்டங்களிலும் நம் சமஸ்தானத்தில் பாதி குடியிருந்தது. அந்தப் பாதிக்குத்தான் இந்த இலாகா. எழுதுவதற்கு அடியேன் சிவசாமி, தட்டெழுதுவதற்கு நாகராசு, ஊர் ஊராகத் தமுக்கடித்து அறிவிப்பதற்குக் கண்ணுசாமி, எல்லாவற்றையும் யோசிப்பதற்குத் தாங்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பகல் உணவுக்குப் பின் மகாராஜா அவர்கள் நம் அறைக்கு எழுந்தருள்வார்கள். சுவரில் தொங்கிய உலகப் படத்தின் முன் நாற்காலி போடப்படும். தாங்கள் அருகில் நிற்பீர்கள். அன்று பத்திரிகையில் வந்த யுத்தம் எதுவானாலும் அங்கே ஒருமுறை மறுபடி நடக்கும். மகாராஜா அவர்கள் பிரான்சுக்குப் படை அனுப்புவார்கள். தாங்கள் பணிவோடு அந்தப் படைக்குச் சோறு யார் போடுவது என்று கேட்பீர்கள். இங்கிலாந்து போர் தொடுத்த மறுநாளே நம் சமஸ்தானமும் ஜெர்மனி மீது போர் தொடுத்ததாக ஒரு பிரகடனம் வந்தது. அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. தங்களுக்கு வரவில்லை. பெரிய நாடுகள் விளையாடும்போது சிறிய நாட்டுக்கு வேலை ஒன்றுதான், தன் பிள்ளைகளை வழியிலிருந்து விலக்குவது என்று அன்று சொன்னீர்கள். தங்கள் வெளிநாட்டுக் கொள்கை முழுவதும் அதற்குள் அடங்கும்.

ஐந்தரை ஆண்டுகளுக்கு முன், விஷு வருஷம் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் தாங்கள் படத்தில் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே விரலை வைத்தீர்கள். ஜப்பான்காரன் இந்த வழியாக வருவான், மழைக்காலம் போனதும் வருவான், நம் ஆட்களை இப்போதே கூப்பிட்டுவிட வேண்டும் என்றீர்கள். மகாராஜா அவர்கள் ஒப்பவில்லை. சிங்கப்பூர்க் கோட்டை இருக்கிறதே என்றார்கள். பர்மாவைக் காலி செய்யச் சொன்னதாக ரெஸிடெண்ட் துரைக்குத் தெரிந்தால், பீதி கிளப்பியதாகச் சொல்லி ஆட்சியையே பிடுங்கிக்கொள்வார்கள் என்றார்கள். அந்தப் பயம் வெறும் பயமும் இல்லை. துரைத்தனம் கோபித்தால் சிறிய ராஜாக்கள் என்ன ஆவார்கள் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

“ஜெயிப்போம்னு நாமளே பிரகடனம் போட்டுட்டு, ஓடியாங்கடான்னு நாமளே கூப்புட்டா நல்லாவா இருக்கும், தைரியநாதன்?” என்று மகாராஜா அவர்கள் கேட்டார்கள்.

“ஜெயிக்கிறது அவுக பாடுங்க, மகாராஜா. நம்ம ஆளுக உசிரு நம்ம பாடு,” என்றீர்கள்.

இப்படியே மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. நான்காவது வெள்ளிக்கிழமை தாங்கள் யுத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மன் கோயில் மரியாதையைப் பற்றிப் பேசினீர்கள். ஆவூர் மாதா கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற தாங்கள், அம்மன் கோயிலில் யாருக்கு முதல் பரிவட்டம், யாருக்கு இரண்டாவது என்று எங்களைவிடத் துல்லியமாக அறிந்து வைத்திருந்தீர்கள். கார்த்திகை மாதம் கோயிலில் மரியாதை வரிசை புதிதாக முறைப்படுத்தப்படும். மரியாதைக்கு உரியவர் நேரில் வந்து பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும். வராதவர் உரிமை அடுத்த பங்காளிக்குப் போய்விடும். இப்படி ஓர் அறிவிப்புச் செய்தால் போதும் என்றீர்கள். மகாராஜா அவர்கள் சிறிது நேரம் யோசித்தார்கள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்து ஒரு நிபந்தனை விதித்தார்கள். மரியாதை உள்ளவர்களைத் தவிர ஒருவரையும் கூப்பிடக்கூடாது. ஓர் ஆள் கூடுதலாக வந்தாலும் இது திருவிழா இல்லை என்று துரைக்குத் தெரிந்துபோகும் என்றார்கள். தாங்கள் ஒப்புக்கொண்டீர்கள்.

கண்ணுசாமி ஆவணி முழுவதும் தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். அறிவித்த அன்றைக்கே வீட்டுக்கு வீடு கடிதம் பறந்தது. வீட்டில் அம்மை வார்த்தாலும் வராதவர்கள், தாய் செத்த செய்திக்கும் பணம் மட்டும் அனுப்பியவர்கள், பங்காளி தலையில் பரிவட்டம் ஏறிவிடும் என்றதும் கிடைத்த கப்பலைப் பிடித்து வந்தார்கள். உரிமை உள்ளவன் வந்தான். அவன் வராமல் போனால் நமக்குக் கிடைக்குமே என்று அவன் பங்காளியும் பின்னாலேயே வந்தான். கடையைப் பூட்டிக் கிளம்பிய எரிச்சலில் தங்களை ஏசாதவர் இல்லை. வேதக்காரனுக்கு எங்கள் கோயிலில் என்ன வேலை என்று நம் இலாகா வாசலிலேயே நின்று கத்தினார்கள். தாங்கள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர்கள் தை மாதம் திரும்பிப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, மார்கழியில் ரங்கூன் மீது குண்டு விழுந்தது.

அதன் பிறகு நடந்தது ஊர் அறியும். ஏசிய வாய்களே வாழ்த்தின. பரிவட்டம் கட்டிக்கொண்ட குடும்பங்கள் தங்களைத் தேடி வீட்டு வாசலுக்கு மாலையோடு வந்தன. மகாராஜா அவர்களும் விருந்துக்கு விருந்து அந்தக் கதையைச் சொல்லி மகிழ்கிறார்கள். ஆகவே இந்த மடலை எழுத உட்கார்ந்தபோது, ‘அம்மன் பேரால் ஆயிரம் உயிர் காத்த உத்தமரே’ என்று ஓர் அடி தானாக வந்து விழுந்தது. நல்ல அடி என்று நாங்களும் மெச்சிக்கொண்டோம்.

சென்ற வாரம் தாங்கள் மேசையைக் காலி செய்ய வந்தபோது அதைப் படித்தீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அந்த அடியின்மேல் விரலை வைத்தீர்கள்.

ஐயா, தாங்கள் நினைத்தது எது என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஆவணி மாதக் கடைசியில் ஊர் சுற்றி முடித்துக் கால் வீங்கி வந்து நின்ற கண்ணுசாமி ஒரு கேள்வி கேட்டார். கோயிலில் மரியாதை என்று எதுவும் இல்லாத தெரு அவருடையது. சாமி புறப்பாட்டில் முதலில் ஒலிப்பது அவர்கள் கொட்டு. பரிவட்டம் கட்டும் இடத்துக்கு மட்டும் அவர்கள் வரமுடியாது.

“எங்க தெருவுலயும் கொஞ்சப் பேரு அங்கிட்டு இருக்காகங்க. எந் தம்பி நல்லதம்பி ரங்கூன் மில்லுல நிக்கிறான். அவுகளும் வரணுமாங்க?” என்று கேட்டார். திருவிழா பார்க்கத்தான் கேட்டார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது.

தாங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். “இது அவுகளுக்கு உள்ள திருவிழா இல்லை, கண்ணுசாமி.”

சரிங்க என்று போய்விட்டார். நல்லதம்பி வரவில்லை. ரங்கூனிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்தத் தெருவிலிருந்து போன மற்றவர்களும் வரவில்லை. அந்த வீடுகளிலிருந்து யாரும் மாலையோடு வரவில்லை.

அன்று மேசையருகே உட்கார்ந்திருந்த தாங்கள் எங்களிடம் சொன்னது இதுதான்: “இந்த வரியைக் கண்ணுசாமிக்குப் படிச்சுக் காட்டுங்க. அவன் சரின்னா இருக்கட்டும். இல்லைன்னா அடிச்சுருங்க.”

பிறகு, நாங்கள் இதுவரை அறியாத ஒன்றையும் சொன்னீர்கள். ரங்கூனில் இருந்த தங்கள் தங்கை கணவர் சந்தனசாமி அந்த ஐப்பசியில், கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வரட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தார். ஆலோசகர் வீட்டு ஆள் ஊர் திரும்பினால் பேச்சுக் கிளம்பும், எல்லாம் கெட்டுவிடும் என்று தாங்கள் பதிலே எழுதவில்லை. அவர் ஆரக்கான் மலைப் பாதையில் காலராவில் இறந்தார். தங்கை ஜெபமாலையம்மாள் தனியாக நடந்து ஆவூர் வந்து சேர்ந்தார். பரிவட்டக் கதை காதில் விழுந்த நாளிலிருந்து அவர் தங்களோடு பேசுவதில்லை. இதைக் கண்ணுசாமியிடம் சொல்லவேண்டாம் என்றீர்கள். சொன்னால் இரக்கப்பட்டுச் சரி என்றுவிடுவான் என்றீர்கள்.

நாங்கள் சொல்லவில்லை. வரியை மட்டும் படித்துக் காட்டினோம். கண்ணுசாமி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். நாகராசு படித்தார். தங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்வார் என்று எதிர்பார்த்தோம். ஏன், சொல்லிவிட்டால் எங்களுக்கும் மனம் ஆறும் என்றுகூட இருந்தது. அவர் சொல்லவில்லை.

“காப்பாத்துனாரு, அது நெசந்தானுங்க. எழுதுங்க. அதுக்குக் கீழ எம் பேரு மட்டும் வேண்டாம்,” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி நின்று, “வழியனுப்ப வாரேங்க,” என்றார்.

வந்திருக்கிறார். தங்கள் பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டு, இதோ நிலைவாசலை ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பதில் வந்துவிட்டது, இனி மாறாது என்பதால், தாங்கள் மறைக்கச் சொன்னதை அவர் காதிலும் இந்தச் சபையின் காதிலும் போட்டுவிட்டோம். இருபத்தெட்டு ஆண்டுகளில் தங்கள் ஆணையை மீறுவது இதுவே முதல் முறை. இதற்கு மேல் ஆணையிடத் தங்களுக்கு அதிகாரமும் இல்லை.

அந்த அடியை என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்தோம். கண்ணுசாமி இருக்கட்டும் என்றார். ஆனால் அவர் பெயர் இல்லாத இடத்தில் அதை அப்படியே வைக்க எங்களுக்குக் கை வரவில்லை. உத்தமர் என்ற சொல்லையும் ஆயிரம் என்ற சொல்லையும் அடித்துவிட்டு இப்படி எழுதினோம். தங்களுக்குத் தரும் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் இப்படித்தான் இருக்கும்:

தாங்கள் அழைத்தவர்கள் வந்தார்கள், வாழ்கிறார்கள். தாங்கள் அழைக்காதவர்கள் வரவில்லை. இரண்டையும் அறிந்தே தாங்கள் இந்த நாற்காலியில் மேலும் ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள்.

மகாராஜா அவர்களிடம் இந்த மடலை முன்கூட்டியே காட்டினோம். படித்துவிட்டு, நிபந்தனை போட்டது நாமல்லவா, அதையும் விடாமல் எழுதுங்கள் என்றார்கள். மேலே எழுதியிருக்கிறோம். சமஸ்தானங்களே இன்னும் எத்தனை நாளுக்கு என்று டில்லியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தங்களோடு இந்த இலாகாவும் மூடப்படுகிறது. உலகப் படத்தைச் சுருட்டிப் பரண்மேல் வைத்தாயிற்று. இனி யாரோடும் போர் தொடுக்க நமக்கு வகையில்லை, ஆசையும் இல்லை.

ஐயா, பல்லாண்டு வாழ்க என்று முடிப்பது முறை. நோயின்றி வாழ்க, கண்ணில் தெளிவும் காலில் தெம்பும் குறையாமல் வாழ்க என்று முறைப்படியே வாழ்த்துகிறோம். நீண்ட ஆயுள் தங்களுக்கு இனிக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது. ஆகவே சிறியதாக இன்னொன்றையும் வேண்டிக்கொள்கிறோம். நாளைக் காலை தங்கள் வண்டி ஆவூர்த் தெருவில் நுழையும். எதிர்வீட்டில் தங்கை இருப்பார். தாங்கள் கூப்பிடாமல் விட்ட அந்த அம்மாள், வாங்கண்ணே என்று தங்களை ஒரு வார்த்தை கூப்பிடட்டும். மாதாவையும் அம்மனையும் சேர்த்தே கேட்கிறோம்.

விய வருஷம் தை மாதம்
செம்பாறை

இங்ஙனம்,
வெளிநாட்டு இலாகா ஊழியர் மூவரில் இருவர்,
சிவசாமி
நாகராசு