முழங்காலில் ஒட்டிய பொட்டு

— முட்டியில நான் ஒட்டின பொட்டை வெளிப்பக்கமா தள்ளி ஒட்டிக்கிட்டு குதிச்சிருக்கே. குதிச்ச வீடியோவ டிவியில நிறுத்தி நிறுத்திப் பாக்குறவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா, நித்யா மேரி?

— வேர்வையில நழுவியிருக்கும் மாலதியக்கா.

— ரெண்டு முட்டியிலயும் அளவெடுத்தாப்புல ஒரு விரக்கடை நழுவுமா? நான் ஒட்டினது முட்டிச் சில்லுக்கு நேரா.

— சரி, நான்தான். பெட்டி மேலேருந்து குதிச்சா முட்டி உள்பக்கமா போற பொண்ணுங்க பேர செவப்புல எழுதுறீங்களாம். பொட்டு வெளிய இருந்தா அது தெரியாதுன்னு நெனச்சேன். கடலூர் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் பூரா இதே பேச்சு.

— அது தண்டனை இல்லம்மா. நீ எறங்கறப்ப ரெண்டு முட்டியும் இடிச்சுக்குது. இப்படியே வாலிபால் ஆடினா உள்ள ஜவ்வு அறுந்துடும். பொம்பளப் புள்ளைங்களுக்கு இது ஜாஸ்தி.

— நான்தான் டீம்லயே ஒசரமா எகிறுறேன்!

— ஒரு தவளை இப்படித்தான், எவ்ளோ ஒசரம் எகிறினோம்னே பாத்துச்சாம். பாம்பு காத்திருந்துச்சாம் அது எறங்குற எடத்துல.

— உங்க எம்.ஃபில் ஆராய்ச்சிக்குத் தவளைக் கதையெல்லாம் கூட எழுதணுமாக்கா?

— சிரிக்காத. ஆறு வாரம் பயிற்சி தர்றேன், சரியாயிடும். சனிக்கிழமை செலக்‌ஷனுக்கு மட்டும் போவாத. கோச் அன்புமணி சார்கிட்ட நான் சொல்றேன்.

— ஐயோ, மாதா சத்தியமா வேணாம்க்கா! டீம்ல பேர் இல்லன்னா ஹாஸ்டல்ல எடம் இல்ல.

— அப்ப ஆறு வாரம் வீட்ல இருந்தே பயிற்சி பண்ணிட்டு வாயேன்.

— எந்த வீட்ல? அம்மா போனப்புறம் அப்பா மஸ்கட்டுக்குப் போயிடுச்சு. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்தா போன் வரும். ‘சாப்டியா’ன்னு கேக்கும். அதோட கட்டாயிடும்.

— சொந்தக்காரங்க?

— புவனகிரியில அத்த இருக்குது. போன லீவுக்குப் போனேன். பைய எறக்கி வெக்கறதுக்குள்ள, ‘எப்ப கெளம்புற’ன்னுச்சு.

— சரி, அழாத. எடத்த எடுத்துடாதீங்கன்னு வார்டன் கால்ல வேணாலும் வுழறேன். ஜவ்வு நல்லா இருக்கறப்பவே கண்டுபுடிச்சிட்டோம் பாரு, அதுவே பெருசு.

— அக்கா, அறுந்தா எப்படித் தெரியும்?

— உள்ளார ‘டப்’புன்னு கேக்கும்பாங்க. கேட்டவளுக்கு அது மறக்கவே மறக்காதாம். ஏன் கேக்குற?

— போன மாசம் பண்ருட்டி ஃபைனல்ல எனக்குக் கேட்டுதுக்கா. எல்லாரும் கை தட்டிக்கிட்டிருந்தாங்க, வேற யாருக்கும் கேக்கல.