மண்ணுக்கடியில் நடக்கிற தண்ணீர்

"எங்க காட்டுல தண்ணி மண்ணுக்கடியிலயே நடந்து போகுதுங்க" என்றார் முன்சீட்டுப் பெண். பல்லடத்திலிருந்து கோவை வரும் மதிய பஸ். பாதிப் பேர் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கண் சொருகியிருந்தது.

அவருக்குப் பக்கத்திலிருந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பினார். "எங்கீங்க போகுது?"

"கிணறெல்லாம் ஊறட்டும்னு ஊரே சேந்து ஓடைக்குக் குறுக்கால மண்ணுக்கரை போட்டோமுங்க. மழைத்தண்ணி நிக்கறது எங்க சோளக்காட்டுல. ஊறுனது கீழ இருக்கற பங்காளி கிணத்துலீங்க. எங்க கிணறு வறண்டேதான் கெடக்குது."

"அவுங்களோட பேச்சு உண்டுங்களா?"

"பத்து வருசமா இல்லீங்க. போன மழையில எங்க ஊட்டுக்காரரு கரைய வெட்டியுடறேன்னு மம்பட்டியோட போயிட்டாருங்க."

"அய்யோ! வெட்டிப்போட்டாருங்களா?"

"கரை ஒரு பக்கம் கரைஞ்சுட்டு இருந்துச்சாமுங்க. பங்காளி தனியா நனைஞ்சுட்டு மண்ணு போட்டுட்டு இருந்தாராமா. இவரு கொஞ்ச நேரம் பாத்துட்டு நின்னாராம். அப்பறம் இவரும் மண்ணு வெட்டிப் போட்டுப்போட்டு வந்துட்டாருங்க."

"அப்ப ராசியாயிட்டாங்களா?"

"எங்கீங்க! இன்னும் ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. ஆனா மேகம் கறுத்தாப் போதும், ரெண்டு ஊட்டுலயும் மம்பட்டியத் தேடறாங்க."