உலைக்குள்ள தொங்கவிட்ட பதினாறு துண்டு

அட, போடுறேன் இன்ஜினியரம்மா. கையெழுத்துத்தான? ப்ராகுலேர்ந்து இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க, கசகசா ரொட்டி ஒண்ணு தின்னுங்க. நானே சுட்டது. எம் பொண்டாட்டி ஹெட்விகா போனப்புறம் வீட்டுல அடுப்பும் நானுந்தான்.

ஒங்க அறிக்கைய படிச்சேன், மூணு தடவ படிச்சேன். பதினோராம் பக்கத்துல ஒரு கமா விட்டுப்போச்சு. சிரிங்க, ஒங்க டைரக்டர் ராடிமும் இப்படித்தான் சிரிப்பான். அணு உலையக் கட்டுப்படுத்துற கேபிள் மேல இருக்குற ரப்பர் உறை இன்னும் இருபது வருஷம் தாங்கும், உலைய ஓட்டலாம்னு எழுதியிருக்கீங்க. எத நம்பி? உள்ள நான் கட்டித் தொங்கவிட்ட பதினாறு துண்ட நம்பி. கட்டினவங்கிறதாலதான எங் கையெழுத்து.

ஆமா, நாந்தான். உலைய மொதமொதல்ல சூடேத்தின வருஷம். நெசக் கேபிள அறுத்துப் பாக்க முடியுமா? அதனால அதே ரகத்துல துண்டு வெட்டி, ரொம்பச் சூடான எடத்துல கட்டிவிடுவோம். நாலு வருஷத்துக்கொருக்கா ஒண்ண எடுத்து இழுத்துப் பாக்கணும். ஜவ்வா நீண்டா எளசு, சட்டுனு அறுந்தா கெழடு. நம்ம துண்டு ஒவ்வொரு தடவையும் மூணு மடங்கு நீளும். ராடிம் கைதட்டுவான். எனக்கு வேர்க்கும். எடுக்க நானேதான் போவேன், வேற யாரையும் விட்டதில்ல.

தூக்கமா? அது போயி ரொம்ப நாளாச்சு. கண்ண மூடினா துண்டு தொங்குற அந்த ரூமுதான். யாரோ நடக்குற மாதிரி நொறுக் நொறுக்குன்னு சத்தம். வீட்டு வெளக்கு ஒயரையெல்லாம் வளைச்சுக் காதுல வச்சுக் கேப்பேன். கிறுக்குப் புடிச்சிருச்சும்பா ஹெட்விகா.

போன வருஷம், ரிட்டயராகுறதுக்கு முன்ன, நீராவிக் குழாய ஒட்டிப் போற நெசக் கேபிள ஒத்த வெரலால லேசா வளைச்சேன். உறை முட்டை ஓடு மாதிரி உதுந்துச்சு.

சொல்லலதான். சொன்னா, பக்கத்துல தொங்குற துண்டு மட்டும் எப்படி எளசா இருக்குன்னு கேப்பாங்கல்ல?

துண்டு கட்டின அந்த மொத வருஷம், மே தினத்துக்குள்ள உலை ஓடணும்னு உத்தரவு. வாசல்ல செங்கொடி கட்டியாச்சு. அந்த ரூமுல அறுபது டிகிரி, நீராவிக் குழாய் கிட்ட நிக்க முடியல. குளிர்காத்து வர்ற வாய்க்கு நேரா ஏணியப் போட்டு, ஜில்லுன்னு நின்னு, பதினாறையும் அங்கயே கட்டிட்டு எறங்கிட்டேன். நோட்டுல நீராவிக் குழாய்ப் பக்கம்னு எழுதினேன்.

ஏம்மா எந்திரிச்சிட்டீங்க? போன் யாருக்கு, ராடிமுக்கா? அவன் அப்புறம். மொதல்ல உலைய நிறுத்துறவங்களுக்குப் போடுங்க.