மாமன் சீராக ஒரு குற்றம்

தேநீருக்கு நன்றி, ஐயா. மிளகு சற்றுத் தூக்கலாக இருந்தாலும் இந்தக் குளிருக்கு இதமாகவே இருக்கிறது. பிளாஸ்கிலிருந்து இன்னும் அரைக் குவளை ஊற்றிக்கொள்கிறேன். நீங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் வரிசையாக விடை கூறுவேன். ஏட்டு ஜீவானந்தம் அவர்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் அப்பாசாமி. வயது அறுபத்து மூன்று. மலைமேல் எடப்புளி நாட்டில் மிளகும் மரவள்ளியும் பயிரிட்டு, தனியே வாழ்கிறேன். கோகிலவாணி என் தங்கை மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமே விளங்கிவிடும். காது குத்தியபோது அவள் என் மடியில்தான் அமர்ந்தாள். பெரியவளானபோது இருபத்தொரு தட்டுச் சீர் சுமந்து சென்றேன். அவளுக்கு எது குறைந்தாலும் அதை நிறைவு செய்வது மாமன் கடமை. கல்லூரிப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் அவளுக்குக் குறைந்தது ஒரு குற்றம்.

சமவெளியிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் குற்றவியலையும் உளவியலையும் சேர்த்துப் படித்தாள். இறுதியாண்டில், துப்புத் துலங்காத குற்றம் ஒன்றை நேரில் ஆராய்ந்து, செய்தவனுடைய மனப்போக்கைக் கணித்து ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். உடன் பயின்றோர் சிறைச்சாலைகளுக்குச் சென்றார்கள். அவளுடைய தந்தை தனபால் அதற்கு இசையவில்லை.

"செயிலுக்குப் போய்ட்டு வந்த புள்ளைன்னு அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் பேசுவாங்க கண்ணு. நம்மூர்ல எதாச்சும் களவு இருந்தா எழுது. இல்லீன்னா படிச்சது போதும், ஊட்டுக்கு வந்துரு" என்று முடித்துவிட்டார்.

எங்கள் ஊரில் களவு ஏது? பூட்டு என்பதே பாதி வீடுகளில் இல்லை. பிள்ளை குறிப்பேட்டுடன் வீடு வீடாகச் சென்று விசாரித்தாள். பக்கத்து வீட்டுப் பாப்பாயி, என்ன படிப்பு என்று கேட்டார். திருடுகிறவன் ஏன் திருடுகிறான் என்று படிப்பதாக இவள் சொன்னாள்.

"அதத் திருடனையே கேட்டாத் தீந்துது. அதுக்கு எதுக்கு சாமி மூணு வருசம்?" என்றார் பாப்பாயி.

அன்று மாலை பிள்ளை என் வீட்டில் அமர்ந்து அழுதாள். நான் தீர்மானித்துவிட்டேன்.

முதலில் பாப்பாயியின் மண்வெட்டியை எடுத்தேன். பயனில்லை. எங்கள் ஊரில் தேவைப்பட்டவர் எவர் வீட்டிலும் நுழைந்து பொருளை எடுத்துச் செல்வார், வேலை முடிந்தால் கொண்டுவந்து வைப்பார், யாரும் கேட்பதில்லை. மண்வெட்டியைக் காணாத பாப்பாயி எதிர்வீட்டு இளங்கோவின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். இளங்கோ என்னுடையதை எடுத்துக்கொண்டான். அடுத்து மிளகு பறிக்கும் ஏணியை எடுத்தேன். ஒரு வாரத்தில் ஊரிலுள்ள ஏணிகள் எல்லாம் இடம் மாறின. குற்றம் மட்டும் நிகழவில்லை.

பிறகு சிந்தித்தேன். பானையை எடுத்தால் அது இரவல். மூடியை மட்டும் எடுத்தால், அதற்கு ஒரே பெயர்தான் உண்டு.

எல்லோரும் தோட்டத்திலிருக்கும் பகற்பொழுதில், இரண்டு மாதங்களில், நாற்பத்தொரு மூடிகளை எடுத்தேன். இளங்கோ வீட்டுப் பாலைப் பூனை பதினொரு முறை குடித்தது. பாப்பாயி வீட்டுக் கொள்ளு ரசத்தில் பல்லி விழுந்தது. சாமைச் சோற்றின்மேல் செங்கல்லை வைத்து மூடியவர்களும் உண்டு. ஊர் கூடி விவாதித்தது. ஒருவர் மற்றவர் சமையற்கட்டை ஐயத்தோடு எட்டிப்பார்க்கலாயினர். முதன்முறையாக இரண்டு வீடுகளில் பூட்டு வாங்கினார்கள். அது சிறிய வருத்தந்தான். ஆனால் கோகிலவாணியின் முகத்தில் ஒளி வந்துவிட்டது, ஐயா.

மூடியிழந்த பாத்திரங்களை அவள் வீடு வீடாக அளந்தபோது அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவன் நானே. கணிப்பை எழுதியதும் எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினாள்.

"மாமா, இவரு தனியா இருக்கறவருங்க. ஊர்ல நல்ல பேரு உள்ளவரு. விசாரிக்கறவங்க கூடவே சுத்திக்கிட்டு ஒத்தாசை பண்ணுவாரு."

பொதுவாகச் சரியாகவே இருக்கிறது என்று பாராட்டினேன். கடைசிக் கூற்றை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

"மொதல்ல ஒரு காரணத்துக்காகத்தான் எடுத்திருப்பாரு. அப்பறம் காரணம் தீந்தாலும் கை நிக்காதுங்க மாமா. புதுசு புதுசாக் காரணம் சொல்லிக்குவாரு."

இது மிகைப்பட்ட கூற்று என்று பொறுமையுடன் எடுத்துரைத்தேன். அவள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த வரியை அடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டாள். ஆய்வேடு முதலிடம் பெற்றது. நன்றியுரையில், 'என் மாமன் இல்லையேல் இந்த ஆய்வே இல்லை' என்று எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அது பங்குனியில். பாப்பாயி என்னைத் தம் சமையற்கட்டில் கண்டது ஆனி மாதம், சென்ற செவ்வாய்க்கிழமை.

"ஏனுங்க அப்பாசாமியண்ணா, இட்லிச் சட்டி மூடியக் கீழ வெச்சுட்டு ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றார். குரலை உயர்த்தவேயில்லை. ஆனால் நான் குடித்து முடிப்பதற்குள் ஊர் முழுவதும் வாசலில் நின்றது. ஊர்க்கூட்டத்தில் நான் அளித்த விளக்கம் நிறைவளிக்கவில்லையாம். பேருந்தில் ஏற்றி உங்களிடம் அழைத்து வந்துவிட்டார்கள்.

பங்குனிக்குப் பின்னும் எழுபத்தாறு மூடிகள் எதற்கு என்று கேட்கிறீர்கள். தக்க கேள்வி. பிள்ளை நாளை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விரும்பலாம். அப்போது சான்றுகள் போதாமற் போனால் மாமன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்? முன்யோசனை நோயாகாது.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாக்குமூலம் அவளுடைய பல்கலைக்கழகத்துக்குப் போகக் கூடாது. குற்றம் அவளுக்காகவே செய்யப்பட்டதென்று தெரிந்தால் பட்டத்தைப் பறித்துவிடுவார்கள். எனக்கு எத்தனை மாதம் கொடுத்தாலும் பெற்றுக்கொள்கிறேன். நூற்றுப் பதினேழு மூடிகளும் என் வீட்டுப் பரணில், அளவு வாரியாக, துடைத்து அடுக்கப்பட்டிருக்கின்றன.

ஜீவானந்தம் அவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு மேசைக்கடியில் குனிந்து தேடுகிறார். எழுந்திருக்கச் சொல்லுங்கள், ஐயா. பிளாஸ்கின் மூடி என் சட்டைப் பையில் இருக்கிறது. காவல் நிலையத்திலிருந்து ஒன்றேனும் இல்லாமல் பிள்ளையின் ஆராய்ச்சி முழுமை பெறாது அல்லவா?