மூன்று முறை கூப்பிட்டேன்

தொண்டைக்கு வெந்நீரை மிஞ்சிய மருந்து கிடையாது. உட்காருங்கள் ஏட்டையா, உங்களுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன். பிடிவாரண்டு பையிலேயே இருக்கட்டும், படித்துக்காட்ட வேண்டாம். வாய்தாவுக்குப் போகாதவன் வீட்டுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷம் அந்த நீதிமன்றத்தின் டவாலி நான். வாசலில் நின்று வழக்குக்காரர்களின் பெயரை மூன்று முறை கூப்பிடுவது என் வேலை. என் குரலைக் கேட்டு, வழக்கே இல்லாதவர்கள்கூட இரண்டு தெரு தாண்டி ஓடிவந்து கைகட்டி நின்றிருக்கிறார்கள். கூரைப் புறாக்கள் இறங்கிவந்து ஆஜரானதை நானே பார்த்திருக்கிறேன்.

அவ்வளவு பெரிய குரலை அடக்கத் தெரிவதுதான் தொழில். வாசற்படியில் நின்று முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு கூப்பிட்டால் நீதிபதிக்குக் கேட்கும். வராந்தாவின் கோடி பெஞ்சில் இருப்பவனுக்குக் கேட்காது. மூன்று முறை முடிந்ததும், "ஆள் ஆஜரில்லை ஐயா" என்பேன். அவர் வாரண்டு எழுதிவிடுவார். பிறகு உங்கள் பாடு.

எல்லோருக்கும் இதைச் செய்ததில்லை. தூணில் துப்பியவன் ஒருவன். சாவியால் காது குடைந்து, குடைந்ததை முகர்ந்து பார்த்தவன் ஒருவன். பல்லிடுக்கில் இருந்ததை நகத்தால் தோண்டி எடுத்து, மறுபடி அதையே தின்ற பெரிய மனிதர் ஒருவர். மொத்தம் பதினாறு பேர்தான். அவர்கள் ஒரு தடவை உள்ளே போய் வந்தபின் அந்தத் தூணில் ஒரு சொட்டு எச்சில் விழவில்லை. நாலு வாளி பினாயிலால் ஆகாத காரியம், என் வாயால் ஆயிற்று.

மச்சினன் பதினேழாவது.

என் மனைவியின் தம்பி. மாவு மில்லில் வேலை. இருபது வருஷமாக மாவைச் சுவாசித்து நெஞ்சு முழுக்கச் சளி. உங்களுக்கும் எனக்கும் வருகிற சளி இல்லை, ஓர் ஊருக்கே பந்தி வைக்கலாம். தினமும் சாயங்காலம் ஆவி பிடிக்க அக்கா வீட்டுக்கு வருவான். காறுவான். கைக்குட்டையில் வாங்கி, விரித்துப் பார்ப்பான். பார்த்ததை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அதே கையால் என் டம்ளரை எடுப்பான். அவன் போனபின் வாஷ்பேசினில் பச்சையாக ஒன்று, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகாமல், என்னையே பார்த்துக்கொண்டு கிடக்கும்.

நல்லவன்தான். அதைச் சொல்லாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். எனக்குக் கால் முறிந்தபோது முதுகில் சுமந்து மூன்று மாடி ஏறினான். ஏறும்போது அவன் நெஞ்சு கொதித்த சத்தம் என் காதுக்குள் போனது. அதை இன்னும் கழுவ முடியவில்லை.

மில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டான். அபராதத்தோடு பத்து நிமிஷத்தில் தீர்கிற வழக்கு.

"எங்க உக்காரணும் அத்தான்?"

"அந்தக் கோடி பெஞ்சுல, மாப்ளே. நான் கூப்பிடாம எழுந்திரிக்காத."

"நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை."

சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. வழக்கு தள்ளிப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் வாரண்டுச் செய்தி காதில் விழுந்து, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான். மறுநாளே வக்கீலோடு போய், நீதிபதி முன்னால் நின்று ஒரு மனுக் கொடுத்திருந்தால் வாரண்டை ரத்து செய்திருப்பார். தெருவில் போகிறவருக்குக்கூட இந்த யோசனையைச் சொல்லியிருக்கிறேன். அவனிடம், "அட, அது வெறும் காகிதம். திங்கட்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவன் என் வீட்டில்தான் இருப்பான் என்று உங்கள் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பியதும் நான்தான். சனி, ஞாயிறு நீதிமன்றம் கிடையாது, நீதிபதி வீடுவரை கொண்டுபோகிற சிரமத்தை நீங்களும் எடுக்க மாட்டீர்கள். இரண்டு நாளாவது என் வாஷ்பேசின் சுத்தமாக இருக்கட்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இல்லை.

நீங்கள்தானே விலங்கு மாட்டினீர்கள். தலையில் துண்டோடு, முகத்தில் ஆவி வேர்வையோடு நின்றான். "அத்தானைக் கேளுங்க சார், திங்கட்கிழமை நாங்களே வர்றதா இருந்தோம்" என்று சிரித்தான்.

அவனுடைய இன்ஹேலர் வாஷ்பேசின் மேலேயே கிடந்தது. "ஓடுங்க, இது இல்லாம அவன் தாங்க மாட்டான்" என்று மனைவி அதை என் கையில் திணித்தாள். வாய் வைக்கும் இடம் ஈரமாக இருந்தது. ஓரத்தில் நூல்போல எச்சில். இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போனேன், அதற்கே எனக்குப் பதக்கம் குத்த வேண்டும். முனையில் குப்பைத்தொட்டி இருந்தது. திரும்பிவந்து ஏழு முறை கை கழுவினேன்.

"குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை, லாக்கப்பில், மூச்சு நின்றுவிட்டது.

துக்கம் கேட்க வந்த வக்கீல் குமாஸ்தா சும்மா இருக்காமல், "அன்னிக்குப் பூரா பெஞ்சுலதானே இருந்தார்" என்று போட்டு உடைத்தார். மனைவி என்னிடம் வந்து நின்றாள்.

"கூப்பிட்டீங்களா?"

"மூணு தடவை."

"அவன் காதுல விழுற மாதிரியா?"

தொண்டை கட்டியிருந்தது என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாளும் எனக்குத் தொண்டை கட்டியதில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். புகார் கொடுத்தவள் அவள்தான். இன்ஹேலர் விஷயம் அவளுக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் வாய்தாவுக்கு நான் போகாமலில்லை. உட்கார ஒரே இடம்தான் மிச்சம் இருந்தது, அதே பெஞ்சின் அதே கோடி. புது டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். கணீரென்று இருந்தது, குறை சொல்ல மாட்டேன். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் ஒருவன் காறினான். மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீங்கள் வெந்நீரைத் தொடவேயில்லை. பரவாயில்லை, போகலாம். அந்த விலங்கை மட்டும் சோப்புப் போட்டுத் துடைத்து மாட்டுங்கள். மச்சினன் கையில் கிடந்ததே என்றால், சிரமம் பார்க்காமல் வேறொன்று கொண்டுவாருங்கள். எனக்கு அசுத்தம் ஆகாது.