மாமியார் படத்துக்கு மூன்றரை நட்சத்திரம்

படத்தின் முதல் பாதி நன்றாகத்தான் இருந்தது, ஐயா. அதை என் விமரிசனத்தில் எழுதவும் செய்தேன். இயக்குநர் பியோ இன்சொக் மேல் எனக்குப் பொறாமை என்று பூசானில் எல்லோரும் சொல்கிறார்களாம். பொறாமைக்காரி ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பாளா?

வீட்டை விற்கச் சொல்லி நச்சரிக்கும் மருமகன்களை ஒவ்வொருவராக விஷம் வைத்துக் கொல்லும் மாமியாரின் கதை அது. சாவு மண்டபத்தில், யார் அனுப்பிய மலர்வளையம் வாசலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மிச்சமிருக்கும் மருமகன்கள் கட்டிப் புரளும்போது நானே சிரித்துவிட்டேன். மாமியாராக நடித்த அம்மா அழும்போதுகூட அடுத்தவனைத் தேடுகிறார். அதையெல்லாம் பாராட்டினேன். நான் எழுதிய குறை ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் மருமகனின் கிண்ணத்தில் அவள் விஷத்தூளைக் கொட்டுகிறாள். அவன் பார்க்கவில்லை. "அவனுக்குக் கண் இல்லையா?" என்று கேட்டிருந்தேன்.

அது என் தவறு. மாமியார் ஊற்றிக்கொடுத்த சோஜு சாராயத்தை அவன் அப்போது குடித்துக்கொண்டிருந்தான். நம் கொரியாவில் மூத்தவர் முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தோன்றவில்லை.

இன்சொக் அதைச் சும்மா விட்டிருக்கலாம். படம் முடிந்து மேடைக்கு வந்தவன், நான் முன்வரிசையில் இருப்பது தெரிந்தே, என் வரியைப் படித்துக் காட்டினான்.

"நம்ம மேங் ஒக்ஜு அக்காவைத் தப்பு சொல்லாதீங்க. அவங்க ஊத்திக்கொடுத்து, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுக் குடிக்க ஒரு ஆள் வேணுமில்ல? பாவம், தனியாவே குடிச்சுப் பழகிட்டாங்க."

அரங்கமே சிரித்தது. அடுத்த இதழிலிருந்து என் பத்தியை நிறுத்திவிட்டார்கள். "வாசகருங்க கேலி பண்றாங்கக்கா," என்றாள் பத்திரிகை ஆசிரியர் யாங் மிரே. அந்தப் பத்தியைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் வரவில்லை. விமரிசகர் ஒன்றைத் தப்பாகச் சொல்லிவிட்டால் சரிபார்க்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லி, திரையரங்குக்குப் பின்னால் இருக்கும் பன்றிக்கறி சூப்புக் கடைக்கு அவனை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். நல்ல பசியோடு வந்தான்.

"என்னக்கா, எம்மேல கோவமா?"

"கோவம் என்னடா? நீ சொன்னது சரிதானே. குடி."

ஊற்றினேன். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கினான். மேடையில் என்ன பேசினாலும் வளர்ப்பு நல்ல வளர்ப்பு. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அந்த நேரம் தாராளமாகப் போதும். பையில் கொண்டுவந்திருந்த பொட்டலத்தை அவன் சூப்பில் கொட்டி, ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயில் ஒரு துண்டையும் எடுத்துக் கடித்துவிட்டேன்.

"சூப்பு கசக்குதேக்கா."

"நேத்துக் குடிச்ச வாயி, வேற எப்படி இருக்கும்? இறாலுப்பு இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டான். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டான். அடுத்த படத்தில் எனக்கு ஒரு சின்ன வேஷம் தருகிறேன் என்றான். மாமியாரின் அக்கா வேஷமாம். பிறகு பேச்சு குழறியது. மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

கடைக்கார அம்மா எட்டிப்பார்த்தார். "என்ன டைரக்டரு, பட்டப்பகல்லயே கவுந்துட்டாரா?" என்று சிரித்து, உட்காரும் மெத்தை ஒன்றை அவன் தலைக்கு அண்டைகொடுத்துவிட்டுப் போனார். சோற்றோடு கலந்த சூப்பு ஆறினால் நன்றாக இருக்காது. என் பங்கைச் சாப்பிட்டு முடித்தேன். அவன் முதுகு ஏறி இறங்குவது நிற்கும்வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஆகவே அந்தக் காட்சி நம்பும்படியாகத்தான் இருக்கிறது. யார் கேட்டாலும் சொல்வேன்.

இடம் போதாமல் பத்திரிகையில் எழுதாமல் விட்ட இன்னொரு குறை உண்டு. சாகிறவன் மேல் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சமாவது இரக்கம் வர வேண்டும். அதை வரவழைக்க இன்சொக்குக்குத் தெரியாது. அன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்து, எனக்கு வருகிறதா என்று காத்திருந்து பார்த்தேன். அந்தக் குறையை மட்டும் அவன் கடைசிவரை சரிசெய்யவேயில்லை.