ஊதி அணைத்த எஞ்சின்

ஜன்னல் வழியே நெருப்பைப் பார்த்த பிறகும் விமானத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியுமா?

கிள்ளான் போகும் ரயிலில், என் எதிரே விமான நிலையச் சீருடையில் இருந்த ஒருவர் தம் நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஸ்டார்ட் பண்றப்பவே எஞ்சின் பின்னால நெருப்பு. பைலட்டுக்கு அலாரமே அடிக்கல. கீழ நின்ன நான்தான் ஹெட்செட்ல சொன்னேன்.”

“தீய அணைக்க பொம்பா வண்டி வந்துச்சா?”

“அதுக்குள்ள முடிஞ்சிருச்சு லா. பைலட் எண்ணெய நிறுத்திட்டு, எஞ்சின சும்மா சுத்த விட்டாரு. அந்தக் காத்தே ஊதி அணைச்சிருச்சு.”

“உள்ள இருந்தவங்க?”

“விமானப் பணியாளருங்க சொல்ற வரைக்கும் உட்கார்ந்தே இருக்கணும். பயந்து கதவத் திறந்து குதிச்சா கை காலு போயிரும்.”

“நீ உள்ள இருந்தா உட்காருவியா மச்சான்?”

“நானா? முதல் ஆளா ஓடிருவேன் லா!”

இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கைக்குழந்தையோடு கூச்சிங்குக்குப் பறக்கிறேன். எனக்குக் கிடைத்திருக்கும் ஜன்னலோர இருக்கையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா? குழந்தையோடு பறந்து பழகிய அம்மாக்கள் சொல்லுங்கள்.